அப்பாவின் டிடிபி கடை ஃபைல்கள்: எதை வைப்பது, எதை அழிப்பது?

மேன்ஷன் தெருப் பெண் (கேள்வி):

வணக்கம். திருவல்லிக்கேணியில் அப்பா நடத்திவந்த டிடிபி கடையை (நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து வடிவமைத்துக் கொடுக்கும் கடை) இந்த மாதக் கடைசியில் மூடுகிறோம். 1996-ல் தொடங்கிய கடை. அப்பாவுக்குக் கண் முன்போல் ஒத்துழைப்பதில்லை. தெருவில் இப்போது அவரவர் போனிலேயே அழைப்பிதழ் செய்துகொள்கிறார்கள். மூடுவதில் பிரச்சினை இல்லை. உள்ளே இருக்கும் ஃபைல்களை என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை.

இருப்பவை: சில ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றில் பழையவை பட்டை கேபிள் போடுகிற ஐடிஇ வகை. ஒரு பை நிறைய சிடி, ஒரு செருப்புப் பெட்டி நிறைய ஃப்ளாப்பி. பெரும்பாலும் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளின் ஃபைல்கள், கொஞ்சம் படம் வரைகிற கோரல்டிரா. எல்லாம் யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துரு. என் லேப்டாப்பில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறது.

அப்பா சொல்வது ஒரே வரி. "எல்லாத்தையும் அழிச்சிட்டு டிஸ்க்கை உடைச்சுப் போடும்மா." அலுப்பில் சொல்லவில்லை, அவருக்கு அது தொழில் தர்மம். தேர்தல் சமயத்தில் ஒரே வார்டில் நிற்கிற இரண்டு பேர் ஒரே நாளில் வந்து மேட்டர் (அச்சடிக்க வேண்டிய வாசகம்) கொடுப்பார்கள். ஒருவருடைய நோட்டீஸ் திரையில் இருக்கும்போது மற்றவர் படியேறினால் அப்பா மானிட்டரை அணைத்துவிடுவார். புரூஃப் எடுத்த தாளைக் கிழிக்காமல் குப்பையில் போட மாட்டார். மேட்டர் கொடுத்தவருக்குச் சொந்தம், நமக்கு அடித்துக் கொடுத்த கூலி மட்டும்தான் என்பது அவர் கணக்கு.

எனக்கு மனசு வரவில்லை. எங்கள் தெருவின் இருபத்தைந்து வருஷம் அதற்குள் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பார்த்தசாரதி கோயில் பக்கத்து பஜனைக் குழுவின் நோட்டீஸ், வாலாஜா பள்ளிவாசல் பக்கத்து நண்பர்களின் நோன்புக் கஞ்சி நோட்டீஸ், மெஸ் விலைப் பட்டியல்கள், மேன்ஷன் விடுதி அறைக் கதவில் ஒட்டுகிற விதிமுறைகள், டியூஷன் பிட் நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டறிக்கை, சொந்தக் காசில் கவிதைப் புத்தகம் போட்டவர்களின் முழுப் புத்தகங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த நாட்களில் சைதாப்பேட்டை ஆற்றோரத்து இளைஞர்கள் வந்து அடித்துப் போன ஒரு நோட்டீஸும் இருக்கிறது. எந்தப் பள்ளியில் சாப்பாடு, எந்த மண்டபத்தில் டாக்டர், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று பெரிய எழுத்தில்.

கூடவே வேறு சமாசாரமும் இருக்கிறது. பயோடேட்டா, ஜாதகம், வாடகை ஒப்பந்தம், ஸ்கேன் செய்த ரேஷன் கார்டுகள். எழுதத் தெரியாதவர்கள் அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் அடித்த மனுக்கள். புருஷன் அடித்ததை, அண்ணன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டதை எல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று, "காணவில்லை" என்று ஒரு ஃபோல்டர். 2004 டிசம்பர் 26, சுனாமி. மெரினாவிலும் பக்கத்துக் குப்பங்களிலும் ஆட்களைத் தேடியவர்கள் கையில் போட்டோவோடு கடைக்கு வந்தார்கள். அப்பா காசு வாங்காமல் ஸ்கேன் செய்து, பெயர், வயது, என்ன உடுத்தியிருந்தார் என்று அடித்துக் கொடுத்தார். அந்த முகங்கள் அப்படியே இருக்கின்றன. யார் கிடைத்தார்கள், யார் கிடைக்கவில்லை என்பது அப்பாவுக்கே தெரியாது. அந்த ஃபோல்டரைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இன்னொன்று, ஒரு கண்ணீர் அஞ்சலி. ஒரே போஸ்டரை அடுத்தடுத்துத் திருத்தித் திருத்திச் சேமித்திருக்கிறார். "மீளாத் துயரில் வாடும்" என்பதற்குக் கீழே உள்ள பெயர் வரிசை ஒவ்வொன்றிலும் மாறுகிறது. முதலில் வந்தவற்றில் ஒரு மகளின் பெயரே இல்லை. கடைசியாகச் சேமித்ததில் மகள்கள் வரிசையில் அந்தப் பெயர் வந்திருக்கிறது, பக்கத்தில் மருமகன் பெயரும். இரவோடு இரவாக அந்தக் கடையில் நின்று ஒரு குடும்பம் என்னென்ன பேசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அச்சான போஸ்டரைவிட அந்த அரைகுறைப் பதிப்புகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. வைக்கலாமா?

எதை வைத்து முடிவு செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


எக்ஸ்பி இன்னும் ஓடுது:

அக்கா, எதை அழிப்பது என்பது அப்புறம். முதலில் அந்தப் பழைய டிஸ்க்குகளை அடிக்கடி ஆன் பண்ணி ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐடிஇ டு யூஎஸ்பி அடாப்டர் கிடைக்கும், யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவும் கிடைக்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற மீட்பு மென்பொருளைப் போட்டு டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜாக, அதாவது அச்சு அசலான ஒரே நகல் ஃபைலாக, எடுத்துவிடுங்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மற்றதை முதலில் எடுத்து வைத்துவிடும். அப்புறம் நகலில்தான் வேலை.

பேஜ்மேக்கர் எழுத்துருவை ஃபைலுக்குள் வைத்துக்கொள்ளாது. அதனால்தான் உங்களுக்குத் தமிழ் வரவில்லை. அப்பாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். அது போய்விட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சின்னப் பூட்டுக் கருவி) கேட்கிற பழைய தமிழ் மென்பொருளாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். டைப் அடிக்கத்தான் அது வேண்டும். பார்க்கவும் பிடிஎஃப் எடுக்கவும் எழுத்துரு இருந்தால் போதும்.

வர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) பழைய விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பேஜ்மேக்கர் 7.0, அதில் இந்த எழுத்துருக்கள். ஒவ்வொன்றையும் எழுத்துருவோடு சேர்த்துப் பிடிஎஃப் ஆக்குங்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் தேட முடியாது. காப்பி செய்தால் பழையபடி குறிகள்தான் வரும். புத்தகங்கள், நீளமான துண்டறிக்கைகளுக்கு மட்டும் என்எச்எம் கன்வர்ட்டர் என்கிற எழுத்து மாற்றி மென்பொருளைப் போட்டு யூனிகோடாகவும் ஒரு பிரதி வையுங்கள். அழைப்பிதழுக்கெல்லாம் அது தேவையில்லை.

அழிப்பது என்று வந்தால், ஃபார்மட் அடித்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குயிக் ஃபார்மட் எந்த ஃபைல் எங்கே என்கிற அட்டவணையை மட்டும்தான் எடுக்கும், உள்ளே இருப்பது இருக்கும். டிஸ்க் முழுக்க ஒரு முறை சுழியம் எழுதிவிட்டு அப்புறம் உடைப்பதோ விற்பதோ. சிடியை உடைத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதில் ஒரு பிரதி கட்டாயம் சென்னைக்கு வெளியே, மதுரையிலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் வந்தால் இரண்டு பிரதியும் ஒரே நாளில் போய்விடக் கூடாது.


பழைய தாள்:

அம்மா, நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தகம் என் பிரிவு இல்லை. நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுக் காகிதம் இவற்றைப் பட்டியல் போடுவது என் வேலை. அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியதாயிற்று.

புத்தகத்தையும் பத்திரிகையையும் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். பிட் நோட்டீஸை யாரும் எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. பசை காய்ந்ததும் அதன் மேல் அடுத்தது ஒட்டப்படும். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கேட்பது அதைத்தான். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ். அதன் படச்சுருள் இன்று எங்கும் இல்லை. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற மலிவான பாட்டுப் புத்தகங்கள்தான் பல படங்களுக்கு இன்று மிச்சம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமானார். அவர் சேகரிப்பை வைத்து 1994-ல் அமைந்த நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள். உங்கள் அப்பா செய்த வேலையின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அங்கே அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

2015 வெள்ள நோட்டீஸைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுங்கள். 1878-ல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளேடே அந்த டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் இந்த ஊர் மக்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

எல்லாவற்றையும் வைக்கிறேன் என்றும் இறங்காதீர்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2010-ல் ட்விட்டரில் வரும் பொதுப் பதிவுகள் அனைத்தையும் சேமிப்பதாக அறிவித்தது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடம். 2018 தொடக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்து மட்டும்தான் சேமிக்கிறார்கள்.

நான் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்த அளவுகோல் இது: அந்தத் தாள் ஊருக்குப் போனதா? சுவரில் ஒட்டினார்களா, கையில் கொடுத்தார்களா, வீடு வீடாக வைத்தார்களா? போயிருந்தால் அது ஊருக்கும் சொந்தம், வைக்கலாம். உங்கள் அப்பாவின் மேசைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது அப்பாவை நம்பிச் சொன்னது. அது போகட்டும். மனு, ஜாதகம், பயோடேட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும், முடிந்தால் திறந்து பார்க்காமலே, ஃபோல்டர் பெயரை வைத்தே அழியுங்கள். இந்தப் பாதியில் உங்கள் அப்பா சொல்வது முழுக்கச் சரி.

அந்தக் கண்ணீர் அஞ்சலியின் திருத்தங்களும் அப்படித்தான் போக வேண்டும். படிக்கும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஊர் பார்த்தது கடைசிப் பதிப்பை. அந்த மகளின் பெயர் ஒரு கட்டத்தில் இல்லாமல் இருந்தது என்பதை ஊருக்குச் சொல்ல அந்தக் குடும்பம் விரும்பவில்லை. விரும்பாததால்தான் அவ்வளவு முறை திருத்தியிருக்கிறார்கள். கடைசியை மட்டும் வையுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூஷன் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு போன்றவற்றில் வருஷத்துக்குச் சில மாதிரி போதும். மெஸ் விலைப் பட்டியலை ஒன்று விடாமல் வையுங்கள். அளவுச் சாப்பாடு எந்த வருஷம் என்ன விலை, எப்போது காபி இரண்டு தரமானது என்பதெல்லாம் வேறெங்கும் கிடைக்காது. மேன்ஷன் விதிமுறைகளும் அப்படியே. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த பையன்கள் இந்த ஊரில் எப்படி இருக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. கவிதைப் புத்தகங்களை முதலில் எழுதியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

ஃபைலுக்கு மேல் இன்னொன்றும் செய்ய வேண்டும். வைப்பது என்று முடிவான ஒவ்வொன்றையும் அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் காட்டி, யார் கொடுத்தது, எத்தனை பிரதி, எந்தச் சுவரில் ஒட்டியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் பட்டியல் போட்ட நோட்டீஸ்களில் பாதிக்கு மேல் தேதி கிடையாது. "வரும் ஞாயிறு மாலை" என்று இருக்கும். எந்த ஞாயிறு என்று கேட்க ஆள் இருக்காது. உங்களுக்கு ஆள் இருக்கிறார்.


பெயர் வேண்டாம்:

ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

என் கல்யாணப் பத்திரிகையும் இப்படி ஒரு கடையில் இருக்கும். அந்தக் கல்யாணம் முடிந்துபோய்விட்டது. வெளியே வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊருக்குப் போனது என்கிறீர்கள். ஐந்நூறு பேருக்குப் போனது உண்மை. அவர்கள் மறந்துவிட்டார்கள், அல்லது என் முன்னால் மறந்ததுபோல் நடந்துகொள்கிறார்கள். எனக்கு அது போதும். கம்ப்யூட்டர் அப்படி நடந்துகொள்ளாது. நாளைக்கு என் மகள் இணையத்தில் என் பெயரைத் தேடும்போது மாப்பிள்ளை என்ற இடத்தில் அந்தப் பெயரும், இரண்டு தாத்தாக்கள் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமும் போட்டு அந்த அழைப்பிதழ் வந்து நிற்கக் கூடாது. சுவரில் ஒட்டியது மழையில் கரையும் என்று நம்பித்தான் ஒட்டினார்கள்.


நோட்டரி வாசல்:

சட்டத்தில் இதற்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு, எந்தக் காரியத்துக்காகத் தகவல் வாங்கினீர்களோ அது முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது. ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் அதே சட்டம் விலக்கும் தருகிறது. ஆனால் அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபர் சம்பந்தமாக எந்த முடிவும் எடுக்கக் கூடாது, இதற்கென வகுத்த நெறிகளின்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு ஆவணக் காப்பு என்று சொல்வதைவிட முறையான நூலகத்திடம் ஒப்படைப்பது உங்களுக்கும் நல்லது.


பழைய தாள்:

பெயர் வேண்டாம் என்று எழுதிய அம்மாவுக்கு: நீங்கள் கேட்பது நியாயம். வைப்பது வேறு, காட்டுவது வேறு என்று நான் முதலிலேயே பிரித்து எழுதியிருக்க வேண்டிய இடம் இது. பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை நூறு வருஷம் பூட்டி வைக்கிறார்கள். 1921-ல் எடுத்ததை 2022-ல்தான் திறந்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளையும் அப்படிப் பூட்டலாம். அதில் பெயர் உள்ளவர்கள் வாழும் காலம் வரை இணையத்தில் ஏற்றக் கூடாது, பெயர் வைத்துத் தேட வழி இருக்கக் கூடாது. யாராவது வந்து என்னுடையதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

சாதிப் பட்டத்தை மட்டும் அழித்துவிட்டு மீதியை வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்கிறேன்: கூடாது. எந்த வருஷம் வரை எந்தத் தெருவில் பத்திரிகையில் பட்டம் போட்டார்கள், எப்போது விட்டார்கள் என்பது இந்த ஊரின் பெரிய கதை. அதைத் துடைத்துக் கொடுத்தால் பேரப்பிள்ளைகளுக்குப் பொய் சொல்கிறோம். முழுசாகப் பூட்டி வையுங்கள், இல்லையென்றால் முழுசாக அழியுங்கள்.

சுனாமி ஃபோல்டரை அப்பாவிடம் விடுங்கள். என் அளவுகோல்படி அவை சுவருக்குப் போனவைதான், வைக்கலாம். ஆனாலும் அந்த முகங்களை எதிரே உட்கார்ந்து பார்த்தவர் அவர்.


மேன்ஷன் தெருப் பெண்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு முழுத் திரியையும் படித்துக் காட்டினேன். "அந்த ஸ்டூல் சமாசாரம் எழுதின ஐயா யாரு?" என்று கேட்டார்.

இதுவரை செய்தது: இமேஜ் எடுத்தாயிற்று. ஒரு டிஸ்க் மட்டும் சுற்றவே மாட்டேன் என்கிறது. மனு, ஜாதகம், பயோடேட்டா, ஸ்கேன் ஃபோல்டர்களை நகலிலிருந்து நீக்கிவிட்டேன், திறக்கவில்லை. வேண்டியவற்றைத் தனியாக எடுத்துச் சரிபார்த்ததும் அந்த இமேஜ்களையும் பழைய டிஸ்க்குகளையும் துடைத்துவிடுவோம். அதற்கு அப்பா சம்மதித்துவிட்டார்.

கண்ணீர் அஞ்சலியில் ஐயா சொன்னபடி கடைசிப் பதிப்பு மட்டும். அப்பாதான் மவுஸைப் பிடித்து மற்றவற்றை அழித்தார். அந்த மகள் எப்படி வரிசைக்குள் வந்தாள் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் கேட்கவில்லை.

பெயர் வேண்டாம் அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு கல்யாணப் பத்திரிகையில் என் முடிவு மாறியது. 2000-க்கு முந்தியவற்றை மட்டும் பூட்டி வைக்கும் நிபந்தனையோடு நூலகத்தில் கேட்கப் போகிறேன். அதற்குப் பிந்தியவை வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே தெருவில் காய்கறி வாங்குகிறார்கள்.

சுனாமி ஃபோல்டரைப் பற்றி அப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று, அழிக்க வேண்டாம், ஆனால் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், என் காலம் வரைக்கும் வீட்டில் இருக்கட்டும் என்றார். தனி பென் டிரைவில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன என்பதை இப்போது முடிவு செய்ய நான் தயாராக இல்லை.

வெள்ள நோட்டீஸை முதலாவதாக எடுத்து நோட்டில் எழுதினோம். ஐந்நூறு பிரதி, மஞ்சள் தாள். கரண்ட் வந்து வந்து போனதால் ஜெராக்ஸ் எடுத்து முடிக்க மூன்று கடை ஏறியிருக்கிறார்கள். மெஸ் பட்டியல்கள் இந்த வாரம்.

ஓர் உதவி வேண்டும். 1998 வாக்கில் ஒரு தொழிற்சங்கத்துக்குச் செய்த துண்டறிக்கைகள் நிறைய இருக்கின்றன, அவற்றின் எழுத்துரு மட்டும் எங்கள் கம்ப்யூட்டர் எதிலும் இல்லை. பெயர் "இளங்கோ" என்று தொடங்குகிறது. யாரிடமாவது அந்தக் காலத்து சிடி இருந்தால் இங்கே சொல்லுங்கள், சென்னைக்குள் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.


எக்ஸ்பி இன்னும் ஓடுது:

அக்கா, இளங்கோ எழுத்துருக்கள் என் மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன, ராயப்பேட்டையில். எந்த வகை என்று பார்க்க ஒரு ஃபைலின் ஸ்க்ரீன்ஷாட் போடுங்கள். சுற்றாத டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள், வரும்போது கொண்டு வாருங்கள், அதன் சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்க்கலாம்.